பல்லாவரத்துச் சரளைக் குழி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, படப்பையிலுள்ள என் வீட்டிற்கு முன்னாள் மாணவி ஒருவர் வந்திருந்தார். முதுகலைத் தமிழ் முடித்து, கல்வெட்டியலில் ஒரு பட்டயமும் பெற்று, ஓர் ஆய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து நாற்பது நாள்கள் ஆகியிருந்தன. வாழ்வின் முதல் வேலை. முதல் சம்பளத்தில் வாங்கிய இனிப்புப் பெட்டி கையில் இருந்தது. இனிப்பு முகத்தில் இல்லை. "ஐயா, காலையிலிருந்து மாலை வரைக்கும் பானை ஓட்டில் எண் எழுதுகிறேன். நாளைக்கு முந்நூறு ஓடு. ஆய்வு என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இதற்கா இத்தனை படித்தேன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவரைப் பார்த்தன்று, என்னை நினைத்து. என் முதல் வேலையும் ஓர் அகராதித் திட்டத்தில் சீட்டு எழுதுவதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. நூற்பெயர், செய்யுள் எண், பொருள். பதினொரு மாதம் எழுதினேன். திட்டம் பாதியில் நின்றது. கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. ஆயினும் பகர வரிசையில் ஒரு நாள் 'படப்பை' என்னும் சொல் வந்து நின்றதை மறக்க இயலவில்லை. தோட்டம், மனையைச் சார்ந்த கொல்லை என்று பொருள். சங்கப் பாடல்கள் பலவற்றில் பயின்று வரும் சொல். பேருந்துப் பலகையில் நாள்தோறும் பார்த்த என் ஊர்ப்பெயர், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடன் அந்தச் சின்னச் சீட்டில் கிடந்தது. அதுவரை எழுத்தராக இருந்தவன் அன்று முதல் சீட்டுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

இதை மாணவியிடம் சொல்லவில்லை. ஆசிரியர்கள் தம் இளமைக் கதையைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதில்லை என்னும் பெயர் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. வேறொருவரின் முதல் வேலையைப் பற்றிச் சொன்னேன். அது நடந்த இடம் படப்பையிலிருந்து முடிச்சூர் வழியே தாம்பரம் போய், அங்கிருந்து மின்தொடர் வண்டியில் ஒரு சில நிறுத்தம். அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834 செப்டம்பர் 22இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. அத்துறையே அப்போது இளம்பருவத்தில்தான் இருந்தது. டப்ளினில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஓல்டாம் 1851 மார்ச்சில் கல்கத்தாவில் வந்து பொறுப்பேற்ற நாளையே அதன் தொடக்கமாகக் கொள்வர். அறிவுத் தாகத்தால் கும்பினியார் அதனைத் தொடங்கினார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். நீராவிக் கப்பலுக்கும் வரவிருந்த இரயிலுக்கும் நிலக்கரி வேண்டும். அது எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். ஓல்டாமோ நிலக்கரியை மட்டும் தேடி அலைவதைவிட நாட்டின் பாறைகள் முழுவதையும் முறையாகப் படம் வரைவதே சரியான வழி என்று கருதினார். அதற்காக அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் இளைஞர்களைத் திரட்டினார். சென்னை மாகாணத்திற்கு ஒரு சிறு குழு. பிளான்ஃபோர்டு, வில்லியம் கிங் முதலியோர் அதில் இருந்தனர். ஃபூட்டும் அதிலே சேர்க்கப்பட்டார். இந்தப் பிளான்ஃபோர்டுதான் பின்னர் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியபோது அதன் பொறுப்பை ஏற்றவர்.

வேலை எத்தகையது? 'இந்திய அட்லஸ்' என்னும் நில வரைபடத் தாள்கள் அப்போது நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் வெளிவந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும். எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த எல்லைகளைத் தாளில் குறித்து, ஒவ்வொரு பாறைக்கும் உரிய வண்ணத்தைத் தீட்ட வேண்டும். கையில் சுத்தியல், திசைகாட்டி, குறிப்பேடு. மழை ஓய்ந்த பின் கூடாரத்தோடு புறப்பட்டால் வெயில் முற்றும்வரை வெளியில்தான். எஞ்சிய மாதங்களில் நகரத்தில் அமர்ந்து படத்தையும் அறிக்கையையும் செப்பஞ்செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு அடுத்த நிலம். ஃபூட்டுக்கு வாய்த்தவற்றுள் ஒன்று 78ஆம் எண் தாளில் பாலாற்றுக்கு வடக்கே உள்ள செங்கழுநீர்ப்பட்டு, வட ஆர்க்காட்டுப் பகுதிகள். அந்த அறிக்கை 1873இல்தான் அச்சேறியது. பாலாற்றுக்கு வடக்கு என்றால் எங்கள் படப்பையும் மணிமங்கலமும் அதற்குள் அடங்கும். மணிமங்கலம் என்றதும் புலிகேசியைப் பல்லவர் வென்ற களம் என்று வரலாறு படித்தவர் நிமிர்ந்து உட்காருவர். பாறைக்கு வண்ணம் தீட்ட வந்தவருக்கு அது ஏரியும் செம்மண்ணும் சரளையும் உள்ள மற்றோர் ஊர்.

ஆக, நம் மாணவியின் ஓட்டு எண்ணுக்கும் ஃபூட்டின் வண்ணத்திற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அவர் பணியில் சேர்ந்த அடுத்த ஆண்டில் ஐரோப்பாவில் ஒரு பெருங்கலக்கம் நேர்ந்தது. பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்கள் கிடைக்கின்றன என்று பூஷே த பெர்த் என்பவர் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்; கேட்பாரில்லை. 1859இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் இரு ஆங்கிலேயர் நேரில் சென்று பார்த்து, அவர் சொன்னது மெய்யே என்று இலண்டனில் அறிவித்தனர். விவிலியக் கணக்கில் ஆறாயிரம் ஆண்டென்று நினைத்திருந்த மனிதனின் வயது, அடிகாண முடியாத ஆழத்திற்கு இறங்கியது. அதே ஆண்டின் இறுதியில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. தென்னிந்தியாவில் கூடாரத்தில் இருந்த ஃபூட்டுக்கு இவையெல்லாம் கப்பலில் வந்த இதழ்கள் வழியேதான் தெரிந்திருக்க வேண்டும். நிலக்கரித் துறையின் ஊழியருக்கு அது வேண்டாத செய்தி. அவரோ அன்று முதல், சரளை வெட்டிய இடங்களில் எல்லாம் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

1863 மே 30, சனிக்கிழமை. பல்லாவரம் அப்போது படைவீரர் பாளையம். அணிவகுப்புத் திடலில் சரளைக்காகத் தோண்டிய சிறு குழி ஒன்று. அதிலிருந்து அள்ளிக் கொட்டிய கற்கள் அருகே கிடந்தன. அவற்றுள் ஒரு கல்லின் வடிவம் ஃபூட்டின் கண்ணில் பட்டது. இருபுறமும் சில்லுகள் பெயர்த்து, ஒரு முனை கூராகவும் மறுமுனை கைக்கு அடங்குவதாகவும் செய்யப்பட்ட கைக்கோடரி. இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு ஐயமற்ற சான்றாக அறியப்பட்ட முதற்கல் அதுவே. இரண்டாண்டு முன்னர் இரயில் பொறியாளர் லெ மெசூரியர் வடக்கே டோன்ஸ் ஆற்றுப் பகுதியில் கற்கோடரிகளைக் கண்டெடுத்திருந்தார். ஆனால் அவை மெருகேற்றியவை; புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை. பல்லாவரத்துக் கல்லின் காலம் அவற்றிற்கு மிகமிக முந்தியது.

மே மாத இறுதி என்பதை நான் சற்று நின்று பார்ப்பதுண்டு. கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நாள். கூடாரப் பருவம் கழிந்து, நிழலில் அமர்ந்து படம் எழுத வேண்டிய காலம். அந்த நாளில் ஒருவர் சரளைக் குழியருகே நின்றார் என்றால், அவரை அங்கே கொண்டுசென்றது வேலை அட்டவணை அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் குழிக்கு வெளியே கிடந்த கல் நீதிமன்றத்தில் ஒற்றைச் சாட்சி போன்றது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டால் விடையில்லை. புவியியலாளருக்கு அடுக்குதான் காலம். எனவே ஃபூட் தேடிக்கொண்டே போனார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28, திங்கட்கிழமை, வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டம், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த பகுதி. அங்கே ஓடைக் கரைகளில், செம்புரைச் சரளையின் உள்ளேயே கருவிகள் பதிந்திருந்தன. கேள்விக்கு விடை கிடைத்தது. கிங்கைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. அவர் தந்தையின் பெயரும் வில்லியம் கிங். அயர்லாந்தின் கால்வே நகரில் பேராசிரியர். ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகள் நம்மினும் வேறான ஒரு மனித இனத்துக்குரியவை என்று கூறி, அதற்கு 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்று பெயர் முன்மொழிந்தவர் அவர். ஆண்டு அதே 1863. தந்தை அங்கே ஆதிமனிதனுக்குப் பெயர் வைக்க, மகன் இங்கே திருவள்ளூர்ப் பக்கத்து ஓடையில் ஆதிமனிதனின் கருவியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ஃபூட்டின் கட்டுரை 1866இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளிவந்தது. 1868இல் இலண்டன் புவியியல் கழகத்தின் இதழிலும் எழுதினார். இவை எதுவும் அவருடைய அலுவலின் பகுதி அல்ல. அலுவல் 1891வரை, 33 ஆண்டுகள் தொடர்ந்தது. பெல்லாரி, கருநாடகம், ஐதராபாத், திருநெல்வேலி என்று அவர் நடந்த நிலம் பெரிது. போன இடமெல்லாம் கருவிகளையும் பானை ஓடுகளையும் சேர்த்தார். இடமும் குறித்து வைத்தார். கர்நூல் பக்கம் பில்ல சுர்கம் குகைகளை 1880களின் நடுவில் அவரும் அவர் மகனும் தோண்டினர். ஓய்வுக்குப் பின் பரோடா, மைசூர் அரசுகளுக்கும் பணியாற்றினார். 1904இல் அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ஓல்டாம் கல்கத்தாவில் பொறுப்பேற்ற அதே 1851இல் தோன்றிய அருங்காட்சியகம் அது. அச்சேகரிப்பின் விரிவான பட்டியல் 1914இலும் குறிப்புத் தொகுதி 1916இலும் வெளிவந்தன. இரண்டையும் அச்சில் பார்க்க ஃபூட் இல்லை. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் மறைந்தார்.

பட்டியல் என்றேன். பட்டியல் என்றால் எண்தான். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண், ஓர் ஊர்ப்பெயர், ஒரு வரி விளக்கம். இந்த இடத்தில் மாணவி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு ஃபூட்டின் வாழ்வில் இன்னொரு செய்தி முக்கியம். அவர் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. பெர்சிவல் யார் என்று நம் மாணவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. செய்ய வேண்டியிருப்பின் குறை எங்களுடையது. 1826இல் யாழ்ப்பாணம் வந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். சென்னை வந்தபின் 1855இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கியவர். மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். அந்தத் தினவர்த்தமானிக்கு ஆசிரியராக அவர் அழைத்துக்கொண்ட இளைஞர்தாம் சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். ஃபூட்டும் தாமோதரம் பிள்ளையும் பெர்சிவல் வீட்டுத் திண்ணையில் சந்தித்துப் பேசினார்கள் என்று கதைகட்ட நான் விரும்பவில்லை. ஒருவர் கரையானுக்குத் தப்பிய ஏட்டையும், மற்றவர் மண்வெட்டிக்குத் தப்பிய கல்லையும் மீட்டெடுத்தனர். இருவருக்கும் ஒரே பெரியவரோடு தொடர்பு இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழிலக்கிய வரலாறு முதலாமவரைக் கொண்டாடுகிறது. இரண்டாமவரைப் பற்றி எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரியும் நான் பார்த்ததில்லை.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் இதே துறையில் முதல் வேலையில் சேர்ந்த வேறு இருவரின் கதையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

பல்லாவரத்தில் ஆதிமனிதக் கருவி மட்டும் இல்லை. மலையே ஒரு வியப்பு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கருநிறப் பாறைக்கு இன்று உலகெங்கும் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு மூடுகல்லாகச் சென்றது சென்னைப் பக்கத்துக் கல். 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து இப்பெயரைச் சூட்டியவர் தாமஸ் ஹாலண்டு. அவர் புவியியல் துறையில் சேர்ந்தது 1890இல். 1900இல் சார்னோக்கைட் வகைப் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. (பிறந்த மண் பல்லாவரமாக இருக்க, பெயர் மட்டும் கல்கத்தா வணிகருக்குப் போனதில் எனக்கு இன்றும் சற்று மனத்தாங்கல் உண்டு. மகேந்திர பல்லவனின் பட்டப்பெயர்கள் வெட்டிய குடைவரை உள்ள மலைக்கு அவன் பெயரையாவது வைத்திருக்கலாம்.)

ஹாலண்டுக்குப் பத்தாண்டு முன்பே, 1880இல், அத்துறையில் அதிகாரியாகச் சேர்ந்தவர் பிரமதநாத போஸ். உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று அங்கேயே புவியியல் பயின்றவர். உயர்நிலைப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1903இல் துறைத் தலைவர் பதவி காலியானபோது அது போஸுக்கு வரவில்லை. பத்தாண்டு இளையவரான ஹாலண்டுக்குப் போயிற்று. போஸ் பதவி விலகினார். பிறகு மயூர்பஞ்சு சமஸ்தானத்துக்குப் பணிசெய்யச் சென்றார். அங்கே கொருமகிசானி மலையில் கண்ட இரும்புத்தாதுவைப் பற்றி 1904 பிப்ரவரி 24இல் ஜாம்செட்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். டாட்டா இரும்பாலைக்கு வழிகாட்டிய கடிதம் அது. ஹாலண்டு அறிவாளர் அல்லர் என்று யாரும் சொல்ல முடியாது. போஸுக்கு இழைக்கப்பட்டது அநீதி அன்று என்றும் யாரும் சொல்ல முடியாது. தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1951இல் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தபோது துறைக்கு நூறு வயது நிறைந்திருந்தது. அவர் தம் முதல் நாளில் அலுவலகப் படியேறியது 1924இல்.

இன்னும் கீழே இருந்தவர்களுக்கு இந்த அளவு வரலாறும் கிடையாது. ஃபூட்டின் கூடாரத்தைச் சுமந்தவர், வண்டி ஓட்டியவர், பல்லாவரத்துக் குழியைத் தோண்டியவர்... அந்தக் கைக்கோடரியை மண்ணிலிருந்து முதலில் வெளியே எடுத்தது ஃபூட்டின் கை அன்று. ஒரு கூலியாளின் மண்வெட்டி. எத்தனையோ ஆயிரம் நூற்றாண்டுக்குப் பின் அதனை ஒளிக்குக் கொண்டுவந்தவரின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர் அதனைக் கல்லென்று கருதிக் கொட்டினார் என்பதில் தவறும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த இதழை அவர் படிக்கும் நிலையிலா அவரை வைத்திருந்தோம்?

ஃபூட் கண்ட கருவிகளின் வயதை அவரே அறிய வழி இருக்கவில்லை. அடுக்கைப் பார்த்து மிகப் பழையது என்று சொல்லலாம். ஆண்டு சொல்ல முடியாது. அதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தினர். குவார்ட்சைட் கல் தரைமேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிதளவு உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. அணுக்கள் அழியத் தொடங்கும். அலுமினியம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம் 14 இலட்சம் ஆண்டில் பாதியாகும். எஞ்சியுள்ள இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தது என்று சொல்லிவிடலாம். மண் அடுக்குகளின் காந்தப் பதிவையும் சேர்த்துப் பார்த்தனர். 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவு: மிகப் பழைய கைக்கோடரிகள் சராசரியாக 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை, குறைந்த அளவாகக் கொண்டாலும் 10 இலட்சத்துக்குக் குறையாதவை. 2018இல் 'நேச்சர்' இதழில் மற்றொரு முடிவு வந்தது. சிறு சில்லுகளைக் கொண்டு கருவி செய்யும் இடைப் பழைய கற்கால முறை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. அதுவரை இந்தியாவில் அம்முறைக்கு இவ்வளவு பழமையை யாரும் எண்ணியதில்லை.

இவ்விடத்தில் ஒரு தமிழாசிரியனாக நான் ஒன்று சொல்லியாக வேண்டும். 2011க்குப் பிறகு எங்கள் மேடைகளில் 'பதினைந்து இலட்சம் ஆண்டுத் தமிழன்' என்று முழங்கத் தொடங்கிவிட்டார்கள். கல்லூரி இலக்கிய மன்ற விழாவிலேயே கேட்டேன். கைத்தட்டலும் பலமாக இருந்தது. அந்தக் கைக்கோடரியைச் செதுக்கியவர் தமிழர் அல்லர். வேறு எம்மொழியாரும் அல்லர். நாம் சேர்ந்துள்ள ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் இனமே அப்போது தோன்றவில்லை. அவர்களிடம் மொழி இருந்ததா என்பதே தனி வழக்கு. நம் மண்ணின் பழமை வேறு, நம் மொழியின் பழமை வேறு. பின்னதற்குப் பெருமை சேர்க்க முன்னதைக் கடன் வாங்க வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை. சங்கப் பாடல்கள் பேசும் தாழியும் நடுகல்லும் வேண்டுமென்றால் அவற்றுக்கும் பல்லாவரம் சான்று தரும். அலெக்சாண்டர் ரீ 1880களின் இறுதியில் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தது அங்கேதான். ஆனால் ஈமப்பேழைக்கும் கைக்கோடரிக்கும் இடையே உள்ள காலத்தை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டையும் ஒரே மூச்சில் 'நம் முன்னோர்' என்று சொல்லிக் கடந்துவிடுவது, நாளைக்கு முந்நூறு ஓட்டில் எண் எழுதும் பிள்ளைகளின் உழைப்பை அவமதிப்பதாகும். இது எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதற்கு மேலே எதற்குக் கீழே கிடந்தது என்று பிரித்துக் காட்டுவதற்கே அந்த எண்.

இதனைத்தான் மாணவியிடம் அன்று சற்று உரக்கச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, போன வாரம் ஒரு ஓட்டில் கீறல் இருந்தது. எழுத்தா குறியீடா தெரியவில்லை. எண் போட்டுவிட்டுத் தனியாக எடுத்து வைத்தேன். மேலதிகாரி இன்னும் பார்க்கவில்லை" என்றார். எந்த அடுக்கு என்று கேட்டேன். யோசிக்காமல் குழி எண்ணையும் ஆழத்தையும் சொன்னார்.

இருட்டும் நேரத்தில் பேருந்து நிறுத்தம்வரை உடன் சென்றேன். வண்டலூர் - வாலாஜாபாத் சாலை இப்போது அகலமாகிவிட்டது. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வண்டிகள் ஓய்வதில்லை. மனைநிரப்பச் செம்மண் சரளை ஏற்றிய லாரி ஒன்று நிறுத்தத்துக்கு அருகே நின்றிருந்தது. பின்பலகை இடுக்கு வழியே கற்கள் சிந்திக் கிடந்தன. பேருந்து வருவதற்குள் அவர் குனிந்து இரண்டு மூன்றைப் புரட்டிப் பார்த்தார். வெறுங்கற்கள்தாம். தாம்பரம் பேருந்து வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.